பொய்ப் பெயர் காப்பாற்றாது: இணையத்தில் பேசும்போது தோட்டப் பக்கம் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருப்பவர்களை எடுத்தாலும் சரி, லயத்தைவிட்டு (தோட்டத்து வரிசை வீடுகளைவிட்டு) தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) மாறிப்போனவர்களை எடுத்தாலும் சரி, ஊர்ப் பிரச்சினை முதலில் வெடிக்கிற இடம் இப்போது வாட்சாப் குழுவும் முகநூலும் டிக்டாக்கும்தான். கோவில் நிலம், தமிழ்ப்பள்ளிக் கூரை, சம்பளப் பாக்கி, லயத்துக்கு வராத தண்ணீர் எல்லாமே அங்கேதான் வருகிறது. வரட்டும், நல்லதுதான். தாத்தா காலத்தில் கங்காணியிடம் சொல்லி, கங்காணி கிராணியிடம் சொல்லி, கிராணி மனசு வைத்தால்தான் துரை காதுக்கு ஒரு விஷயம் போகும். இன்றைக்கு அந்தக் கும்பிடு தேவையில்லை. ஆனால் எனக்கு ஒரு பெரிய கவலை உண்டு. பெயரை மறைக்க நம் ஆட்கள் படாத பாடு படுகிறார்கள், எழுதுகிற விஷயத்தைச் சரிபார்க்க அதில் பாதிகூட மெனக்கெடுவதில்லை. அதனால் ஒருவர் மாட்டிக்கொள்கிறார், அதைப் பார்த்து பத்துப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள், கடைசியில் தண்ணீர்ப் பிரச்சினை அப்படியே கிடக்கிறது.

"எனக்குப் பேச்சுரிமை இருக்கு" என்று பாதியை மட்டும் படிப்பதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன. கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆவது விதி குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது, அது உண்மை. அதே விதியின் அடுத்த உட்பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் போன்ற காரணங்களுக்காக நாடாளுமன்றம் அதைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. 1971இல் இன்னொன்றும் சேர்ந்தது. குடியுரிமை, தேசிய மொழி, 153ஆவது விதி சொல்லும் மலாய்க்காரர், சபா, சரவாக் பூர்வகுடியினரின் சிறப்பு நிலை, ஆட்சியாளர்களின் (சுல்தான்களின்) இறையாண்மை ஆகியவற்றைக் கேள்வி கேட்பதையே தடுக்கிற சட்டம் போடவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் வந்தது. ஆனால் அவை நடைமுறைப்படுத்தப்படும் விதத்தைப் பற்றிப் பேசுவதற்கு அந்த விதியிலேயே இடம் விட்டிருக்கிறார்கள். கோபத்தில் நாம் மறந்துவிடுகிற வித்தியாசம் இதுதான். "எங்கள் பிள்ளைகளுக்கு இந்த உதவித்தொகை எப்படிப் பிரிக்கப்பட்டது?" என்று கேட்பது ஒன்று, ஓர் இனத்தையே திட்டுவது முற்றிலும் வேறொன்று.

"குடிமக்கள்" என்ற சொல்லையும் கவனியுங்கள். தோட்டத்தில் இப்போது செம்பனைக் குலை வெட்டுகிறவர்களில் நிறையப் பேர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம், தமிழ்நாடு என்று வெளியிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு இந்த 10ஆவது விதி துணைக்கு வராது, வேலை பர்மிட்டும் முதலாளியோடு கட்டப்பட்டது. அவர்களை கேமரா முன்னால் நிறுத்தி "அண்ணே, நீங்களே சொல்லுங்க, எவ்வளவு சம்பளம் பாக்கி?" என்று பேச வைத்து டிக்டாக்கில் போடாதீர்கள். வீடியோ எடுத்தவருக்கு லைக் வரும், பேசினவருக்கு பர்மிட் போகலாம். முகம் வேண்டாம், குரல் வேண்டாம். சம்பளச் சீட்டைப் படம் பிடித்து, பெயரையும் எண்ணையும் மறைத்து, தொழிற்சங்கத்திடமோ லேபர் ஆபீஸிலோ கொடுங்கள்.

அடுத்து, எந்தச் சட்டத்தில் மாட்டுவோம் என்று தெரியாமல் எழுதுவது. தேச நிந்தனைச் சட்டத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அது 1948இல் வந்தது, அதாவது நம் சுங்கை சிப்புட் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்ட அதே வருடம். பிரிட்டிஷ்காரன் போட்ட அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது. ஆனால் சாதாரணமாக முகநூலில் எழுதுகிறவரைத் தொடுவது பெரும்பாலும் அது இல்லை, 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு. ஆபாசமான, பொய்யான, மிரட்டலான, மிக மோசமாகப் புண்படுத்தும் விஷயத்தை ஒருவரை எரிச்சலூட்டும், துன்புறுத்தும், மிரட்டும் நோக்கத்தோடு அனுப்பினால் குற்றம் என்கிறது. முன்பு அதிகபட்சம் 50,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், ஒரு வருடச் சிறை. 2025 பிப்ரவரி 11 முதல் அது 500,000 வெள்ளி, இரண்டு வருடச் சிறை என்று ஏறிவிட்டது. எரிச்சல் என்பதை யார் அளப்பது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது, போக வேண்டியதுதான். இவ்வளவு அகலமான சொற்களை வைத்துக்கொண்டு ஒரு குடிமகனை ஜெயிலுக்கு அனுப்ப முடிவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் சட்டம் மாறும்வரை அதன் கீழேதான் நாம் எழுதுகிறோம்.

இது வெறும் பூச்சாண்டி என்று நினைப்பவர்களுக்கு நம் பக்கத்து ஈப்போவிலேயே உதாரணம் இருக்கிறது. ஓவியர் ஃபாமி ரேசா அப்போதைய பிரதமர் நஜிப்பைக் கோமாளி முகத்தோடு வரைந்து 2016இல் இணையத்தில் போட்டார். ஈப்போ செஷன்ஸ் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறையும் 30,000 வெள்ளி அபராதமும் விதித்தது. அதே வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம் சிறையை நீக்கி அபராதத்தை 10,000 ஆகக் குறைத்தது. ஒரு படத்துக்கு இரண்டு வருடத்துக்கு மேல் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. அவர் சொந்தப் பெயரில் போட்டார், என்ன வரைகிறோம் என்று தெரிந்தே வரைந்தார், கடைசிவரை நின்றார். நம் ஆட்கள் செய்வது அப்படியில்லை.

"பொய் அக்கவுண்டுதானே, யார் கண்டுபிடிக்கப் போறா?" என்பதுதான் நான் அதிகம் கேட்கிற பேச்சு, அதிகம் ஆபத்தானதும் அதுதான். முதலில் தொழில்நுட்பப் பக்கம் பார்ப்போம். அந்தப் பொய் அக்கவுண்டைத் திறக்க ஒரு கைப்பேசி எண் கொடுத்தீர்கள். நம் நாட்டில் பிரீபெய்டு சிம் கார்டுகூட 2006 முதல் ஐசி (அடையாள அட்டை) காட்டிப் பதிந்தால்தான் வேலை செய்யும். வீட்டு வைஃபையில் எழுதினால், அந்த நேரத்தில் அந்த இணைய முகவரி (ஐபி எண்) எந்த வீட்டுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்ற விவரம் இணையச் சேவை நிறுவனத்திடம் இருக்கும். 2012இல் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். இணையச் சந்தா உங்கள் பெயரில் இருந்தால், அதிலிருந்து போன பதிவை நீங்களே வெளியிட்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அந்த வருடம் ஆகஸ்ட் 14ஆம் தேதி பல இணையத்தளங்கள் திரையைக் கறுப்பாக்கி எதிர்ப்புக் காட்டின, ஆனாலும் பிரிவு இன்றுவரை இருக்கிறது. வைஃபை கடவுச்சொல்லை லயம் முழுக்கக் கொடுத்து வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் எழுதியதற்கு, சந்தா கட்டும் அப்பா பதில் சொல்ல வேண்டி வரலாம்.

விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் சேவை) போட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். இங்கே விபிஎன் வைத்திருப்பது குற்றமில்லை, இணையச் சேவை நிறுவனத்தின் கண்ணிலிருந்து அது மறைக்கும், சரி. ஆனால் விபிஎன் நிறுவனம் பார்க்கும், நீங்கள் உள்ளே நுழைந்த அக்கவுண்டுக்கும் உங்களைத் தெரியும். பிரவுசரில் இன்காக்னிட்டோ என்று திறப்பது உங்கள் போனில் வரலாறு சேராமல் தடுக்கும், அவ்வளவுதான்.

ஆனால் சிறிய ஊரில் ஆளைக் கண்டுபிடிக்க இந்தத் தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படுவதில்லை. பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். யாரோ ஒருவர் பொய்ப் பெயரில், காய்ந்துபோன குழாயைப் படம் எடுத்து, நிர்வாகத்தைக் கண்டபடி திட்டிப் போட்டிருந்தார். படத்தின் மூலையில் நீலத் தண்ணீர்த் தொட்டி ஒன்று பாதி தெரிந்தது, அதற்குப் பின்னால் கோவில் வேப்பமரம். அந்தத் தொட்டியும் மரமும் சேர்ந்து ஒரே கோணத்தில் தெரிவது மேல் லயத்தில் கடைசி மூன்று வீடுகளிலிருந்து மட்டும்தான். பதிவில் "தண்ணி" என்பதை "தன்னி" என்று எழுதியிருந்தார், குழுவில் எப்போதும் அப்படி எழுதுகிறவர் ஒரே ஒருவர். மாலை டீ குடிக்கிற நேரத்துக்குள் மண்டோர் (மேற்பார்வையாளர்) முதற்கொண்டு எல்லோருக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. போலிஸும் வரவில்லை, தொடர்பு, பல்லூடக ஆணையமும் வரவில்லை. ஆனால் அந்த வீட்டுக்காரருக்கு அடுத்த மாதம் ஓவர்டைம் வரவில்லை.

இதில் என் மனசைச் சுடுவது என்னவென்றால், அவர் சொன்ன விஷயம் உண்மை. தண்ணீர் நிஜமாகவே வரவில்லை. ஆனால் பதிவில் இருந்தது "இந்த மேனேஜர் திருடன், பணத்தைத் தின்னுட்டான்" என்ற வரி. பணத்தைத் தின்றதற்கு அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை. தண்ணீர் வராததற்கு ஆதாரம் நிறைய இருந்தது, அதை எழுதவே இல்லை. நிர்வாகம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவதூறு என்றது, தண்ணீர்ப் பேச்சு அடிபட்டுப் போனது. அதே ஆள், "3ஆம் தேதியிலிருந்து 11ஆம் தேதிவரை மேல் லயத்து 14 வீடுகளுக்குத் தண்ணீர் வரவில்லை. 5ஆம் தேதி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம், நகல் இதோ. இன்றுவரை பதில் இல்லை" என்று எழுதியிருந்தால் யாராலும் அசைக்க முடியாது. அவதூறு வழக்கில் சொன்னது உண்மை என்று நிரூபிப்பது வலுவான தற்காப்பு. தேதி, எண்ணிக்கை, யாரிடம் எப்போது சொன்னோம், என்ன பதில் வந்தது: இவை இருந்தால் சொந்தப் பெயரில் எழுதவே தைரியம் வரும். "திருடன்", "ஊழல்வாதி", "கமிட்டிப் பணத்தை அமுக்கிட்டான்" என்பவை நீங்கள் எடுத்த முடிவுகள். அந்த முடிவுக்கு வாசிக்கிறவர் தானாக வரட்டும், நீங்கள் நடந்ததை மட்டும் வையுங்கள். கோவில் கணக்கு விஷயத்திலும் இதேதான். "கணக்கு எங்கே, ஆண்டுக் கூட்டம் ஏன் நடக்கவில்லை?" என்று கேட்கிற கேள்வியில் எந்தத் தப்பும் இல்லை.

தேச நிந்தனை விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. அங்கே "நான் சொன்னது உண்மை" என்பது மட்டும் தற்காப்பு ஆகாது. இனம், மதம், ஆட்சியாளர் என்ற மூன்றையும் தொடுகிற எதையும் கோபம் ஆறாமல் எழுதாதீர்கள். யாரோ ஒருவன் நம் சாமியைக் கேவலப்படுத்தி வீடியோ போடுகிறான், நெஞ்சு கொதிக்கிறது, உடனே அவனுடைய மதத்தைத் திட்டி நாலு வரி எழுதுகிறோம். அவ்வளவுதான், இப்போது இரண்டு குற்றவாளிகள். "அவன்தான் ஆரம்பிச்சான்" என்பதை எந்த இன்ஸ்பெக்டரும் கேட்க மாட்டார். அவன் வீடியோவின் இணைப்பையும் நேரத்தையும் சேமித்து, போலிஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். அதைப் பத்துக் குழுவுக்கு அனுப்பி அவனுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

குழு நடத்துகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். "நான் அட்மின்தான், எழுதினது வேற ஆள்" என்று நம்புகிறவர்கள் மலேசியாகினி செய்தித்தளத்தின் வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. 2020 ஜூனில் ஒரு செய்தியின் கீழே வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகள் நீதித்துறையை அவமதிப்பதாக வழக்கு வந்தது. போலிஸ் சொன்னவுடனே அவற்றை நீக்கிவிட்டார்கள். அப்படியும் 2021 பிப்ரவரி 19 அன்று கூட்டரசு நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு 500,000 வெள்ளி அபராதம் போட்டது. அரசுத் தரப்பு கேட்டதே 200,000தான். மக்கள் சில மணி நேரத்தில் அந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள். கோவில் திருவிழாக் குழுவும் செய்தித்தளமும் ஒன்றில்லை என்பது சரி, ஆனால் 114ஏ பிரிவு நிர்வாகி, நடத்துநர் என்று பெயர் வருகிறவர்களையும் தொடுகிறது. பல குழுக்களில் யார் அட்மின் என்றே தெரியாமல் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். பார்க்க நேரமில்லாதவர் அந்தப் பொறுப்பை விட்டுவிடலாம். ஃபார்வர்டு செய்கிறவர்களும் தப்பிக்க முடியாது, அவதூறில் ஒவ்வொரு முறை மறுபடி பரப்புவதும் புதிதாக வெளியிட்டதாகவே கணக்கு.

வாட்சாப் செய்தி பூட்டப்பட்டது, நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது தொழில்நுட்பப்படி உண்மை, 2016இலிருந்தே அப்படித்தான். ஆனால் குழுவில் இருக்கிற 200 பேரில் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பூட்டு என்ன செய்யும்? "டிலீட் ஃபார் எவரிஒன்" போடுவதற்குள் அது மேனேஜர் போனில் இருக்கும்.

தடை, தணிக்கை பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. குழு அட்மின் உங்கள் செய்தியை நீக்கினால், டிக்டாக் வீடியோவை இறக்கினால், "ஜனநாயகம் செத்துவிட்டது" என்று கிளம்பாதீர்கள். அரசியலமைப்பு கட்டுப்படுத்துவது அரசை. நிறுவனத்திடம் மேல்முறையீடு செய்கிற பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துங்கள். நிஜமான தணிக்கை எப்படி நடக்கும் என்றால், 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் ஊழல் விவகாரத்தை எழுதிய சரவாக் ரிப்போர்ட் தளம் 2015 ஜூலையில் முடக்கப்பட்டதே, அப்படி. அடுத்த ஜனவரியில் மீடியம் தளமும் முடங்கியது. 2018 தேர்தலில் ஆட்சி மாறிய பிறகு இரண்டும் திறந்தன. இத்தனைக்கும் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3ஆவது பிரிவிலேயே, இந்தச் சட்டம் இணையத்தைத் தணிக்கை செய்ய அனுமதிப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் எல்லோருடைய டிஎன்எஸ் தேடலையும் (தளத்தின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைக் கண்டுபிடிப்பதை) உள்ளூர் சர்வருக்குத் திருப்பிவிட தொடர்பு, பல்லூடக ஆணையம் முயன்றது, மக்கள் சத்தம் போட்டதும் சில நாளிலேயே நிறுத்தினார்கள். சத்தம் போட்டால் நடக்கும் என்பதற்கு இது ஓர் அத்தாட்சி, எனக்கு இதில் நிறைய நம்பிக்கை உண்டு.

முகம் தெரியாமல் பேசுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அடிக்கிற கணவனைப் பற்றி உதவி கேட்கிற பெண்ணுக்கு, சங்கத்தில் சேர நினைக்கிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது தேவை. அந்தத் திரையை இன்னொருவரைக் கிழிக்கப் பயன்படுத்துவது பேச்சுரிமையே இல்லை. 2024 ஜூலையில் டிக்டாக்கில் பலருக்கும் தெரிந்த நம் பெண் ஒருவர் இணையத் துன்புறுத்தல் தாங்காமல் உயிரை விட்டார். போலிஸில் புகார் கொடுத்த பிறகுதான் அது நடந்தது. அவரைத் துன்புறுத்திய ஒருவருக்குக் கிடைத்த தண்டனை 100 வெள்ளி அபராதம், பழைய சிறு குற்றச் சட்டத்தில் இருந்த உச்ச அளவே அதுதான். நம் சமூகமே கொதித்தது, நாடாளுமன்றம் குற்றவியல் சட்டத்தைத் திருத்தியது, 2025 ஜூலையிலிருந்து மிரட்டல், துன்புறுத்தல், அடையாள விவரங்களைக் கெட்ட நோக்கத்தோடு பரப்புவது எல்லாம் சிறைத் தண்டனைக்குரிய தனிக் குற்றங்கள். ஆகவே தொல்லை வரும்போது வெறுப்பில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு பிளாக் செய்யாதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட், அதில் தேதியும் அக்கவுண்டின் இணைப்பும் தெரிய வேண்டும், ஏனென்றால் பெயரை மாற்றிக்கொண்டு ஓடுவார்கள். அப்புறம் பிளாக், அப்புறம் பாலாய் (போலிஸ் நிலையம்). மனசு தாங்கவில்லை என்றால் மன ஆறுதல் தரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, எந்த நேரமும் பேசலாம்.

ஊழல் தெரிந்தவர்கள் செய்கிற ஒரு தவறு வேறு மாதிரி. முதலில் வைரல், பிறகு புகார் என்று போகிறார்கள். 2010ஆம் ஆண்டுத் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் தகவல் கொடுப்பவரின் அடையாளத்தைக் காக்கிறது, பழிவாங்கலிலிருந்தும் காக்கிறது, ஆனால் ஊழல் தடுப்பு ஆணையம், போலிஸ் போன்ற அமலாக்க அமைப்பிடம் நேரடியாகச் சொன்னால்தான். முகநூலில் சொன்னவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் வரிசையை மாற்றுங்கள். லயத்துத் தண்ணீர், மின்சாரம், வீட்டு நிலைமைக்கு 1990ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்வது லேபர் ஆபீஸ். அங்கே எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்கிய நகல் கையில் இருந்தால், பிறகு முகநூலில் எழுதும்போது உங்கள் பேச்சின் எடையே வேறு.

எல்லாம் கவனமாக இருந்தும் பாலாயிலிருந்து போன் வரலாம். பயத்தில் அக்கவுண்டை அழிப்பதும், போனில் உள்ளதை அழிப்பதும், மறுபடி முகநூலில் போய் "என்னைக் கூப்பிடுறாங்க" என்று லைவ் போடுவதும் வேண்டாம். தனியாகப் போகாதீர்கள். சாட்சியாக அழைத்தாலும், உங்களையே குற்றத்தில் சிக்க வைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவு அனுமதிக்கிறது. கைது செய்தால் குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் போன் செய்ய 28ஏ பிரிவு உரிமை தருகிறது. காசில்லை என்றால் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் உண்டு, மலாயில் ஒய்பிஜிகே என்று கேட்டால் தெரியும். தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி சோதனை நடத்தினால் கடவுச்சொல்லைக் கேட்கிற அதிகாரம் 249ஆவது பிரிவில் இருக்கிறது, ஆகவே கொடுப்பதா வேண்டாமா என்று அங்கேயே தகராறு செய்யாமல் வழக்கறிஞர் வந்த பிறகு முடிவு செய்யுங்கள். வாக்குமூலம் மலாயில் எழுதப்படும்; புரியாத வரி இருந்தால் படித்துக் காட்டச் சொல்லுங்கள், தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லுங்கள், அதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள். போனை எடுத்துக்கொண்டால் என்ன மாடல், எந்த எண், என்ன தேதி என்று எழுதிய பட்டியலின் நகலை வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.